ஒரு மயிரிழை தடிமன்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே நானும் அவரும் நலமாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மொத்தமாகக் கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவீர்கள். அதனால் பிரித்துக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும்.

அண்ணி போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. நாங்கள் கிளம்பின அன்று நீங்கள் வாசலில் நின்று கையாட்டினீர்கள். எப்போதும் கையாட்டுவது அண்ணிதான், நீங்கள் பக்கத்தில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வீர்கள். நீங்களே கையாட்டியதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் அழுது நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மீன்பிடிக் கழகத்துக்காரர்கள் நாற்பது தூண்டில் கோல் கேட்டிருக்கிறார்கள். ஜூன் கடைசியில் ஆற்றில் அவர்கள் பருவம் தொடங்குகிறது, அதற்குள் வேண்டுமாம். கோலை அவர் செய்வார், நூல் சுற்றுவது என் பாடு. அடியில் ரீல் உட்காருகிற மரக்கட்டை நாற்பதும் வழக்கம்போல உங்கள் பட்டறையிலிருந்துதான். "உங்க அண்ணனை இப்பப் போய் தொந்தரவு பண்ணாத, கடையில அலுமினியக் கட்டை ரெடியா கிடைக்குது" என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. உங்களைக் கடைசல் லேத் முன்னால் நிற்க வைக்காவிட்டால் நீங்கள் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவீர்கள்.

பதில் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பாப்பா

*

ஜனவரி 25

பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று அறிந்தேன்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். மருந்து தீர்ந்துவிட்டது.

நாற்பதும் செய்து தருகிறேன். நன்றாகக் காய்ந்த வால்நட் பலகை இரண்டு பரணில் இருக்கிறது. ஒன்றில் ரேகை நேராக ஓடுகிறது, மற்றொன்றில் சுழி விழுந்திருக்கிறது. கழகத் தலைவருக்கும் செயலாளருக்கும் சுழி, மற்றவர்களுக்கு நேர்ரேகை. மூன்று தவணையாக அனுப்புவேன். எண்ணெய் காய நேரம் பிடிக்கும்.

வீடு சுத்தமாக இருக்கிறது. அழுக்காக்க ஆளில்லை. பக்கத்து வீட்டம்மா ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஒரு தடவை நல்லா அழுதுடுங்க, மனசு லேசாயிடும்" என்றார்கள். சரி என்றேன். அதன் பிறகும் அவர்கள் போகாமல் நின்றார்கள். அங்கேயே அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களோ என்று தோன்றியது. ரொட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாதே, அதுபோல இருக்கிறது. வலி இல்லை என்பதால் குறையொன்றும் சொல்வதற்கில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால் மருந்தைப் பார்சலில் வைத்திருக்கிறேன், தடவுங்கள், அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள்.

முதல் தவணைக் கட்டைகள் வந்து சேர்ந்தன. மரம் எவ்வளவு அழகு என்று சொல்லி முடியாது. செயலாளரின் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர், "மச்சான் கையில என்னமோ இருக்கு" என்றார். உங்களைப் பாராட்டுவதென்றால் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும், தெரியும்தானே. அப்படிப்பட்டவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

ஆனால் அண்ணா, ஒரு சங்கடம். ரீலைப் பிடித்து நிறுத்துகிற வளையம் கட்டைமேல் ஏற மாட்டேன் என்கிறது. ரீலின் ஒரு காலைக் கட்டையின் முனையிலுள்ள மூடிக்குள் நுழைத்துவிட்டு, பித்தளை வளையத்தை மறு கால்மேல் தள்ளிப் பார்த்தேன். பாதியிலேயே நின்றுவிட்டது. வெறும் கட்டையிலேயே ஏறவில்லை, ரீலோடு எங்கே ஏறும்? இவர் பொறுமையில்லாமல் மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். கட்டை நீளவாட்டில் பிளந்துவிட்டது. அதற்காக அவரை ஒரு நாள் முழுக்கத் திட்டினேன், அது வேறு கதை.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்தேன். எல்லாமே ஒரே மாதிரி ஒரு மயிரிழை தடிமன் கூடுதல். இதுவரை இப்படி வந்ததே இல்லை. கொஞ்சம் பார்க்கிறீர்களா? அவசரமில்லை.

அன்புடன்
பாப்பா

*

பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

நலம். மருந்து தடவினேன்.

என் அளவு தவறாது. பட்டறை தொடங்கிய நாளில் உங்கள் பித்தளைக்காரர் கொடுத்த அதே அளவு வளையத்தைத்தான் இன்றைக்கும் லேத் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கட்டையைக் கடைந்துகொண்டே வந்து, அந்த வளையம் இறுக்கமாக ஏறிய இடத்தில் உளியை எடுத்துவிடுவேன். அதற்குமேல் ஒரு தூசியும் எடுப்பதில்லை. வெர்னியரெல்லாம் இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு. இத்தனை வருடத்தில் ஒரு கட்டையாவது திரும்பி வந்திருக்கிறதா? நீயே சொல்.

உன் ஊரில் மழை. மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை. எண்ணெய் பூசுகிற வேலையையும் இப்போது நானே செய்வதால் சரியாக ஊறவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அளவைச் சொல்லாதே.

பட்டறைக்குப் போகிறேன், கடைகிறேன், வீட்டுக்கு வருகிறேன். கடையும்போது மட்டும் நேரம் போவது தெரிகிறது. மற்ற நேரத்தில் அதுவும் தெரிவதில்லை. வேலையும் தப்பு என்று ஆனால் பிறகு நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று புரியவில்லை.

சுத்தியால் தட்ட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

அண்ணன்

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடல்நலத்துக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. ஈரம்தான். கட்டைகளை அடுப்புப் பக்கத்து அலமாரியில் சில நாள் வைத்தேன். நன்றாகக் காய்ந்து, வளையம் வெண்ணெயில் கத்தி போவதுபோல ஏறுகிறது. முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் தவணையையும் அதே அளவில் அனுப்புங்கள். ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

முடிந்த கோல் ஒன்றைக் கழகத் தலைவர் நேற்று எங்கள் முற்றத்தில் வீசிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், ஆறடிக்கு மேல் உயரம். நாங்கள் அவரை நெட்டை என்றுதான் சொல்வோம். பின்பக்கம் வீசிய கயிறு கொடியில் காய்ந்த இவருடைய சட்டையில் மாட்டிக்கொண்டது. மனிதருக்குத் தெரியவில்லை. பெரிய மீனை இழுப்பதுபோல இழுக்கிறார். இவர் ஓடிப்போய், "சார், அது என் சட்டை சார், விட்டுடுங்க" என்கிறார். நான் சிரித்த சிரிப்பில் நூல் கண்டு உருண்டு சாக்கடை வரை போய்விட்டது. அண்ணிக்கு எழுத வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் நினைவு வந்தது. உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணியின் துணிமணியெல்லாம் எப்படி இருக்கிறது? எடுத்து வைக்க நான் வரட்டுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே வந்துவிடுவேன்.

உங்கள்
பாப்பா

*

மார்ச் 31

பாப்பாவுக்கு,

நலம்.

ஈரம் என்று நான் சொன்னேன். நீ ஒப்புக்கொண்டு எழுதியதை இரண்டு முறை படித்தேன். அன்று மாலை கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் தவணையை இன்று அனுப்பியிருக்கிறேன். பொதிவது எனக்குச் சரியாக வரவில்லை. காகிதத்தைச் சுற்றினால் ஒரு பக்கம் பிதுங்குகிறது. பொதிகிற மேஜையை ஒழுங்குபடுத்தலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு கற்றை உப்புத்தாள். எல்லாம் மிக மெல்லிய ரகம், சின்னச் சின்னதாகக் கிழித்து, தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. எதற்கு இவ்வளவு என்று தெரியவில்லை. அடிபிடித்த பாத்திரம் தேய்க்க வைத்திருந்தது போலும். குப்பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தையும் அன்றைக்குத்தான் பிரித்தேன். மூக்குக் கண்ணாடி, சீப்பு, ஒரு ரீல் வளையம். வலது கட்டைவிரலில் இருந்து கழற்றியது என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். விரலில் அது இருந்ததை நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். "இதுக்குப் பேரு மோதிரமா?" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். வளையத்தை உன் பார்சலிலேயே வைத்திருக்கிறேன், உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

துணி இருந்த இடத்தில் இருக்கிறது. நீ வர வேண்டாம். வந்தால் பேச வேண்டியிருக்கும்.

நெட்டையின் கதையைப் படித்தேன். சிரிப்பு வருகிற இடம் எது என்று தெரிந்தது.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் சுகத்தை விழைகிறேன். எனக்கும் சுகம்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பேனாமேல் பழி போடுங்கள்.

இரண்டாம் தவணை வந்தது. எல்லாம் சரியாக இருக்கின்றன. அடுப்புப் பக்கம் வைத்தேன்.

அந்த வளையம் என்னிடம் இருக்கிறது. அதை மற்ற வளையங்களோடு சேர்க்கவில்லை. உப்புத்தாளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம் அண்ணா. என்னிடம் கேட்டிருக்கலாம்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. அண்ணியை இந்த மாதம் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். உங்கள்மேல் அண்ணி எவ்வளவு ஆசை வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

சாப்பிடுங்கள்.

பாப்பா

*

மே 7

பாப்பாவுக்கு,

நலம். உன் கையெழுத்து பேனாவால் கெட்டதுபோல் தெரியவில்லை. கையில் அடிபட்டதா? எழுது.

மூன்றாம் தவணையைத் தொடங்கிவிட்டேன். இந்தத் தவணையில் வேகம் வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் பட்டறைக்குப் போக வேண்டும் என்று தானாகத் தோன்றுகிறது. நேற்று தச்சுவேலை செய்கிற ஒருவர் வந்து, எந்த அளவுகோலும் இல்லாமல் எப்படி ஒரே மாதிரி வருகிறது என்று கேட்டார். வளையத்தைக் காட்டினேன். "இது போதும், கை மத்ததைப் பார்த்துக்கும்" என்றேன். கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் சொன்னபோது நன்றாக இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு ஒன்று நன்றாக இருந்தது என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

உப்புத்தாள் விஷயம் புரியவில்லை. புதிதாக வாங்கித் தர வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

*

மே 15

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

மாப்பிள்ளை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுவது கல்யாணத்துக்கு முன் உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு எழுதியதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்திலும் பிழை இருந்ததாக நீங்கள் சொன்னீர்கள். இதிலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கைக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது. அவள் கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காரணம் உங்கள் கட்டைகள்.

ஈரமும் இல்லை, அடுப்பும் இல்லை மச்சான். வந்த ஒவ்வொரு கட்டையையும் அவள் மடியில் வைத்துக்கொண்டு, வளையம் ஏறும் வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். மேலே விழுந்த கீறலை மறைக்கத் திரும்ப எண்ணெய் பூசினாள். முதல் தவணை முழுக்க அப்படி, இரண்டாவதும் அப்படி. "உண்மையை எழுதிடு, ஒரு தேய்ப்புல மச்சானே லேத்துலயே எடுத்துடுவாரு" என்று சொன்னேன். அதற்கு அவள், "அண்ணனுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது அந்த அளவு ஒண்ணுதான். அதுவும் தப்புன்னு சொன்னா லேத்தை நிறுத்திட்டு உக்காந்துடுவாரு. அப்புறம் அவரை எழுப்ப முடியாது" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா உயிரோடு இருந்த காலத்தில் வந்த கட்டைகள் சில எங்களிடம் மிச்சம் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். லேத்தில் தேய்த்தால் கீறல் கட்டையைச் சுற்றி ஓடும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் நீளவாட்டில் ஓடியது. கையால் தேய்த்த கீறல். நீங்கள் கடைந்து முடித்த பிறகு, எண்ணெய் பூசுகிற சாக்கில் அக்கா ஒவ்வொன்றையும் தேய்த்துச் சரி செய்திருக்கிறார்கள். விரலில் கிடந்த வளையம் அதற்குத்தான். போட்டுப் பார்க்க. நாலைந்து வருடத்துக்கு முன் உங்கள் தங்கையிடம் புதிதாக ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள், "உங்க அண்ணன்கிட்ட சொல்லாத, எனக்கு ஒரு ஆசை" என்று சொல்லி. இவளும் மோதிர ஆசை என்றே நினைத்துவிட்டாள்.

உங்கள் அளவு வளையம் தேய்ந்திருக்க வேண்டும். பித்தளைதானே. மரத்தூளும் உப்புத்தாள் தூளும் படப்பட, வருடக்கணக்கில் ஏற்றி இறக்கினால் உள்வாய் அகன்றுதான் போகும். அக்கா உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை என் மாதிரி பயந்திருப்பார்கள். உங்கள் கோபம் அப்படிப்பட்டது, மன்னிக்கவும்.

இதை நான் எழுதுவது அவள் மணிக்கட்டுக்காக மட்டும் இல்லை. உங்கள் கடிதங்களை எனக்கும் படித்துக் காட்டுவாள். இத்தனை கடிதத்தில் உன் அண்ணி என்று ஒரு சொல், மனைவி என்று ஒரு சொல், ஒரு இடத்திலும் இல்லை. போனவர் செய்த வேலையை இன்னொருத்தி யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டே இருந்தால், உங்களைப் பொறுத்தவரை அவர் போகவே இல்லை என்று ஆகிவிடாதா? எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பாக நினைத்தால் என்னைத் திட்டுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

வணக்கத்துடன்
மாப்பிள்ளை

*

ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. மூன்றாம் தவணையும் வரவில்லை. நெட்டை இரண்டு முறை வந்து போய்விட்டார். அவருக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். அது பெரிதில்லை.

இவர் முகத்தைப் பார்த்தால் பூனை பாலைக் குடித்த முகம். நேற்று அழுத்திக் கேட்டேன். சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

அண்ணா, பொய் எழுதியது நான்தான். உங்களை ஏமாற்ற எழுதவில்லை. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோபமென்றால் நாலு பக்கம் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடுகிறேன். பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி விசாரித்தேன். பட்டறைச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது என்றார்களாம்.

சாப்பிடுகிறீர்களா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பாப்பா

*

ஜூன் 11

பாப்பா,

இருக்கிறேன்.

மாப்பிள்ளையோடு பேசு. அவர் கடிதத்தில் பிழை அதிகம், ஆனால் சொன்னது எதுவும் பிழை இல்லை.

அவர் கடிதம் வந்த அன்று முதலில் நான் நம்பவில்லை. பெண் வீட்டுக்காரனை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்துக் கடிதத்தை மடக்கிப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். உளி பிடிக்கவில்லை. லேத்தை நிறுத்தினேன். பிறகு ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நீ பயந்ததுபோலத்தான் நடந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. படித்துவிட்டுச் சைக்கிள் கடைக்காரரிடம் போய் வெர்னியர் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் ஒன்று கேட்டு அவர் பார்த்ததில்லை, ஓடிப்போய் எடுத்து வந்தார். பட்டறையைத் திறந்தேன். ஆணியிலிருந்த வளையத்தைக் கழற்றி அளந்தேன். மாப்பிள்ளை சொன்னதுதான். உள்வாய் அகன்றுபோய், ஒரு பக்கம் சற்று நீள்வட்டமாகக்கூட ஆகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. என் கைக்கும் தெரியவில்லை.

பொதிகிற மேஜைக்கு அடியில் போன வருடக் கட்டைகள் ஒரு டப்பா இருந்தன. எண்ணெய் பூசி முடித்து, ஒவ்வொன்றும் தனியாகக் காகிதம் சுற்றி, ஒரு பிதுக்கம் இல்லாமல். ஒன்றைப் பிரித்து என் வளையத்தை ஏற்றினேன். லொடலொடவென்று ஆடியது. அடுத்ததும் ஆடியது. எல்லாவற்றிலும் ஆடியது. எல்லாமே ஒரே ஆட்டம். நான் வளையத்தை வைத்துக்கொண்டு செய்ததைவிட ஒரே மாதிரி இருந்தது. என் அளவு என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே, தச்சரிடம்கூட அலட்டினேனே, அது என் அளவே இல்லை.

மூன்றாம் தவணை முழுவதையும் வெர்னியர் வைத்துத் திரும்பக் கடைந்துவிட்டேன். எண்ணெய் பூசாமலே இன்று அனுப்பியாயிற்று, அதை மாப்பிள்ளை பூசட்டும். நெட்டைக்குச் சொல். நீ ஒன்றையும் தேய்க்க வேண்டாம். கைக்கட்டு அப்படியே இருக்கட்டும்.

அது முடிந்த பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஏழு மாதத்தில் எனக்கு ஒழுங்காக வந்த முதல் சமாச்சாரம் அந்தக் கோபம்தான். காது வரை சூடேறியது. கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், "இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கி வச்சிருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும்.

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றேன். நான் கத்தினால் உடனே பதில் சொல்ல மாட்டாள், தெரியும்தானே. செய்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதனால் நின்றேன். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது, நான் வைத்ததுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எப்போது நிறுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. இன்று தொண்டை கட்டியிருக்கிறது. எழுதும்போதும் நிற்கவில்லை, மை கலைந்திருக்கும்.

உன் அண்ணி செத்துப்போய்விட்டாள், பாப்பா. நீ கொஞ்சம் வர முடியுமா?

அண்ணன்